பத்திரத்தில் யார் பெயர்?

வீட்டுக் கடனும் வருமான வரியும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. கடன் ஒருவர் பெயரில், பத்திரம் இன்னொருவர் பெயரில், தவணை மூன்றாமவர் சம்பளத்திலிருந்து. பிறகு, "வரிச் சலுகை யாருக்கு?" என்ற கேள்வி. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 33 ஆண்டுகள் ஊழியர்களின் வீட்டுக் கடன் சான்றிதழ்களைச் சரிபார்த்து, படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) போட்டுக் கொடுத்தவள் நான். இந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் புறப்படும் நாள் காலையில், வீட்டுக் கூடத்தில் தொடங்குகிறது.

கீழே நான் தரும் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களையே சொல்கிறேன். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு வருவதால் இந்த எண்கள் மாறும். மக்களுக்குப் பழகிய எண்கள் இவை என்பதால் இப்போதைக்கு இப்படியே வைத்துக்கொள்வோம்.

*

கேள்வி: நான் கும்பகோணம் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. மாமியார் பெயரில் இருந்த மனையில் 2021இல் வீடு கட்டினோம். கடன் 24 லட்சம். மாமியார், கணவர், நான் மூவரும் கையெழுத்துப் போட்டோம். மாதம் 20,800 ரூபாய் என் சம்பளக் கணக்கிலிருந்தே போகிறது. என் ஆண்டுச் சம்பளம் பத்தரை லட்சம். வட்டிக்குக் கழிவு கேட்டால், பத்திரத்தில் பெயர் இல்லை, தர முடியாது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். கட்டுவது நான்தானே அம்மா?

பதில்: கட்டுவது நீங்கள்தான் அம்மா. ஆனாலும் அலுவலகத்தில் சொன்னது சரி. வட்டிக்கான 24(பி) கழிவு வீட்டின் உரிமையாளருக்குத்தான் உண்டு. கடனில் கையெழுத்துப் போட்டது மட்டும் போதாது, பணம் கட்டியது மட்டும் போதாது. உரிமையாளராகவும் இருக்க வேண்டும், கடனாளியாகவும் இருக்க வேண்டும், கட்டுபவராகவும் இருக்க வேண்டும். உங்களிடம் இரண்டு இருக்கின்றன, முதலாவது இல்லை.

வரியைப் பொறுத்தவரை இந்த ஆண்டு உங்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. இப்போது பழையது, புதியது என்று இரண்டு வரி முறைகள் இருக்கின்றன; புதியதில் வரி வீதம் குறைவு, பெரும்பாலான கழிவுகள் இல்லை. புதிய வரி முறையில் பத்தரை லட்சத்திலிருந்து நிலையான கழிவு 75,000 போக 9.75 லட்சம். 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ தள்ளுபடி இருப்பதால் நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். வீட்டுக் கடன் கழிவு கிடைத்தாலும் பூஜ்யத்துக்குக் கீழே போக வழியில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. மாதம் 20,800 என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம். அந்தப் பணம் சட்டப்படி உங்களுடையதல்லாத வீட்டுக்குள் போகிறது. உங்கள் மாமியார் உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி அவருடைய கணவர், மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சம பங்கு. மருமகள் அந்த வரிசையில் இல்லை. உங்கள் கணவருக்கு ஒரு பங்கு வரும். நாத்தனார்களுக்கும் அதே அளவு வரும்.

என் கதையைச் சொல்கிறேன். 1995இல் திருவெறும்பூரில் வீடு கட்டினோம். மனையும் கடனும் என் கணவர் பெயரில். "ரெண்டு பேர் பேர் எதுக்கு, வீண் செலவு" என்றார் வீட்டுப் பெரியவர் ஒருவர். நானும் பேசாமல் இருந்தேன். இரண்டு ஆண்டில் என் கணவருடைய பட்டறை மூடப்பட்டது. அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் என் சம்பளத்தில் தவணை போனது. என் மேசைக்கு வந்த ஊழியர்களின் வட்டிச் சான்றிதழ்களை எண்ணிக்கூடப் பார்த்ததில்லை, அத்தனை வந்தன. என்னுடையது என்று ஒன்றை வைத்து ஒரு ரூபாய் கழிவு கேட்க முடியவில்லை. 2009இல் அவர் போனார். உயில் இல்லை. வாரிசுச் சான்று வாங்கியபோது நான்கு பெயர்கள்: நான், என் மகன், மகள், என் மாமியார். நான் கட்டி முடித்த வீட்டில் எனக்குக் கால் பங்கு. மாமியார் மனமுவந்து, தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அந்த நாளில் அவர் காலைத் தொட்டேன். ஆனால் அவர் மறுத்திருந்தால் எந்தச் சட்டமும் எனக்காக நின்றிருக்காது.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: மாமியாரிடம் பேசுங்கள். வரிக்காக என்று பேசாதீர்கள். வீட்டில் அவருக்கு ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையை எழுத்தில் வைத்துவிட்டு, மகனுக்கும் உங்களுக்கும் எழுதித் தர அவர் விரும்புகிறாரா என்று கேளுங்கள். பணம் வாங்காமல் தாய் மகனுக்கு எழுதும் குடும்ப செட்டில்மென்ட் பத்திரத்துக்குக் கிரயத்தைவிடக் கட்டணம் மிகக் குறைவு. மருமகளுக்கு நேரடியாக எழுதினால் கட்டணம் எப்படி வரும் என்று ஆவண எழுத்தரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மூலப் பத்திரம் கடன் தந்த இடத்தில் அடமானமாக இருப்பதால் அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் எதுவும் நடக்காது. மாமியார் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. அது அவருடைய மனை. அப்போது நாத்தனார்களின் பங்குக்கு என்ன ஏற்பாடு என்பதைக் கணவர் முன்னிலையில் பேசி, மாமியார் உயிலில் எழுதி வைக்கட்டும். தவணை போன வங்கிக் கணக்கு அறிக்கைகளை 2021 முதல் ஆண்டுவாரியாக அச்செடுத்து ஒரு கோப்பில் வையுங்கள்.

*

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் கணக்காளர். சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம். வீட்டுக் கடன் வாங்கினால் வட்டிக்கு 2 லட்சம், அசலுக்கு ஒன்றரை லட்சம், ஆக மூன்றரை லட்சம் அரசாங்கத்திடமிருந்து திரும்பி வரும் என்று மனை விற்பவர் சொல்கிறார். 30 லட்சம் கடன் வாங்கலாமா?

பதில்: தம்பி, நீங்களே கணக்காளர். அந்த விற்பனையாளருக்கு நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். கழிவு என்பது வருமானத்திலிருந்து கழிப்பது. வரியிலிருந்து நேரடியாகக் கழிப்பது தள்ளுபடி. முன்பு வீட்டுக் கடன் அசலுக்கு 88ஆம் பிரிவில் அப்படி ஒன்று இருந்தது. கட்டிய அசலில் ஐந்தில் ஒரு பங்கை வரியிலிருந்தே குறைத்துக்கொள்ளலாம். 2005-06 முதல் அது போய், அசலை வருமானத்திலிருந்து கழிக்கும் 80சி பிரிவு வந்தது. அன்றிலிருந்து வீட்டுக் கடனுக்கு இருப்பதெல்லாம் வருமானக் கழிவுதான்.

பழைய வரி முறையில் 2 லட்சம் வட்டிக் கழிவால் கையில் நிற்பது எவ்வளவு? 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு, அந்த வரியின் மேல் 4 சதவீத மேல்வரியும் (செஸ்) சேர்த்து 41,600 ரூபாய். 30 சதவீத வரம்பில் 62,400. 5 சதவீத வரம்பில் 10,400. அவ்வளவுதான்.

இனி உங்கள் கணக்கு. பழைய முறையில் 12 லட்சத்திலிருந்து நிலையான கழிவு 50,000, வட்டி 2 லட்சம், 80சி ஒன்றரை லட்சம் போக மீதி 8 லட்சம். வரி 72,500, மேல்வரியோடு 75,400 ரூபாய். புதிய முறையில் 12 லட்சத்தில் 75,000 போக 11.25 லட்சம். வரி பூஜ்யம். புதிய முறையில், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கும் 80சிக்கும் இடமே இல்லை, ஆனாலும் அதுவே உங்களுக்கு நல்லது. ஆக, இந்தக் கடனால் உங்களுக்கு வரிச் சலுகை என்று ஒரு பைசா கிடையாது.

இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். வட்டிக் கழிவின் உச்சவரம்பு 2014இல் ஒன்றரை லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆனது. மனை விலை எங்கேயோ போய்விட்டது, அந்த 2 லட்சம் அங்கேயே நிற்கிறது. 2023-24 முதல் புதிய முறையே இயல்பான முறை என்று ஆனது. சலுகையை யாரும் ரத்துச் செய்யவில்லை. ஆனால் நடுத்தரச் சம்பளக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் அதைத் தொட முடியாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது. மனை விற்பவர்களின் துண்டுப் பிரசுரங்களில் மட்டும் அது இன்னும் முன்பக்கத்தில் இருக்கிறது.

கடன் வாங்கலாமா என்று கேட்டீர்கள். 30 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில், 20 ஆண்டுக்கு, மாதத் தவணை ஏறக்குறைய 26,035. முதல் ஆண்டில் நீங்கள் கட்டும் 3.12 லட்சத்தில் வட்டி மட்டுமே 2.53 லட்சம். அசலில் குறைவது அறுபதாயிரத்துக்கும் கீழே. இந்த 26,000 உங்கள் வீட்டுச் செலவுக்குப் பிறகு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் வாங்குங்கள். வரியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

*

கேள்வி: நான் திண்டுக்கல்லில் ஆட்டோ ஓட்டுகிறேன். என் மனைவி தையல் வேலை. இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு நான்கு லட்சம் வரும். எங்களுக்குச் சொந்த வீடு எங்கும் இல்லை. 22 லட்சத்துக்கு ஒரு சிறிய வீடு பார்த்திருக்கிறோம். 15 லட்சம் கடன் கேட்கிறோம். "மோடி வீடு திட்டத்தில் 2.67 லட்சம் வாங்கித் தருகிறேன், 15,000 கொடு" என்கிறார் ஒரு தரகர். நாங்கள் வருமான வரி கட்டுவதில்லை. எங்களுக்கு எப்படிச் சலுகை கிடைக்கும்?

பதில்: அந்தத் தரகருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், ஐயா. 2.67 லட்சம் என்பது 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின் பழைய வட்டி மானியம். அது 2022 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. முடிந்துபோன திட்டத்தை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

உங்களுக்கு இப்போது இருப்பது அதே திட்டத்தின் இரண்டாம் கட்டம், நகர்ப்புறத்துக்கானது. 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது வரிச் சலுகை அல்ல. கடன் கணக்கிலேயே வரவு வைக்கும் மானியம். அதனால் வரி கட்டாதவர்களுக்கும் கிடைக்கும். சொல்லப்போனால் வீடு வாங்குபவர்களுக்கான அரசு உதவிகளிலேயே உரியவர்களின் கையைச் சேருவது இதுதான் என்பது என் எண்ணம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாக நிரந்தரக் கட்டுமான வீடு இருக்கக் கூடாது. நீங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறீர்கள். வீடு திண்டுக்கல் மாநகராட்சி எல்லைக்குள் வருகிறதா, பக்கத்து ஊராட்சியில் வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஊராட்சியில் வந்தால் இந்தத் திட்டத்தில் அந்த இடம் சேருமா என்று வங்கியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடனில் முதல் 8 லட்சத்துக்கு, 12 ஆண்டு வரை, 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம். ஒரே தடவையில் வராது. ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணைகளில் உங்கள் கடன் கணக்குக்குப் போகும். ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் கணக்கு நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். சீட்டுப் பணம் வந்தது என்று அவசரப்பட்டு மூன்றாம் ஆண்டிலேயே பெரும்பகுதியைக் கட்டிவிடாதீர்கள். கட்டும் முன் வங்கி மேலாளரிடம் மானியத் தவணை எத்தனை பாக்கி என்று கேளுங்கள். விண்ணப்பத்தைத் திட்டத்தின் இணையதளத்தில் போடலாம், கடன் கேட்கும் வங்கியிலும் வழி கேட்கலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

இந்தத் திட்டத்தில் வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருப்பதைத்தான் விரும்புகிறார்கள். உங்கள் மனைவியின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள்.

*

கேள்வி: மதுரையில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை மாதம் 15,000. ஆண்டு வட்டி 2.40 லட்சம். புதிய வரி முறையில் வட்டிக் கழிவே இல்லை என்கிறார்களே?

பதில்: குடியிருக்கும் வீட்டுக்குத்தான் இல்லை. வாடகை வீட்டுக்கு உண்டு. வாடகை 1.80 லட்சம், அதில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு போக 1.26 லட்சம். அதற்கு எதிராக வட்டியைக் கழித்தால் வாடகை வருமானம் பூஜ்யமாகும். மிச்சமிருக்கும் 1.14 லட்சம் வட்டியைப் புதிய முறையில் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. பழைய முறையில் 2 லட்சம் வரை கழிக்கலாம், மிஞ்சியதை 8 ஆண்டுகள் கொண்டுபோகலாம். வீட்டு வரி நீங்கள் கட்டியிருந்தால் அதை முதலிலேயே வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: சென்னையில் மென்பொருள் வேலை, சம்பளம் 18 லட்சம். வாடகை வீட்டில் இருக்கிறேன். தஞ்சாவூரில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள். வாடகைப்படிக் கழிவும் வீட்டுக் கடன் கழிவும் இரண்டும் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், பழைய முறையில். வேலை ஒரு ஊரிலும் சொந்த வீடு இன்னொரு ஊரிலும் இருப்பதால் யாரும் கேள்வி கேட்க முடியாது. பழைய முறை இன்னும் பலன் தரும் சிலரில் நீங்கள் ஒருவர். வாடகைப்படிக் கழிவு 2.40 லட்சம், வட்டி 2 லட்சம், 80சி ஒன்றரை லட்சம், தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதல் 50,000, உங்கள் மருத்துவக் காப்பீடு 25,000, மூத்த குடிமக்களான பெற்றோரின் காப்பீடு 50,000, நிலையான கழிவு 50,000 என்று எல்லாமும் முழுதாக இருப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 7.65 லட்சம். வரி 1,27,920. புதிய முறையில் 1,50,800. வித்தியாசம் 22,880 ரூபாய். இந்தப் பட்டியலில் இரண்டு மூன்று உருப்படி குறைந்தாலே புதிய முறை முந்திவிடும்.

சம்பளக்காரர் ஒவ்வொரு ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கணக்கை உரிய கெடுவுக்குள், வழக்கமாக ஜூலை 31க்குள், தாக்கல் செய்தால்தான் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். ஒரு நாள் தவறினாலும் புதிய முறைதான். கடன் தந்தவர் பெயர், கணக்கு எண், அனுமதி தேதி, நிலுவை எல்லாவற்றையும் இப்போது படிவத்தில் கேட்கிறார்கள். வட்டிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

*

கேள்வி: சென்னைப் புறநகரில் 2019 டிசம்பரில் கடன் வாங்கி அடுக்ககத்தில் வீடு பதிவு செய்தேன். கட்டுமான நிறுவனம் இன்னும் சாவி தரவில்லை. ஆறு ஆண்டாக வட்டி மட்டும் கட்டுகிறேன். இதற்குக் கழிவு உண்டா?

பதில்: வீடு கட்டி முடியும் வரை கிடையாது. முடிந்த பிறகு, அதற்கு முந்தைய நிதியாண்டு வரை கட்டிய வட்டியை ஐந்து சம பாகமாக்கி ஐந்து ஆண்டுகளில் கழிக்கலாம். உங்கள் விஷயத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. கடன் வாங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடிய வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு 2025 மார்ச் 31. அது தாண்டிவிட்டதால் குடியிருக்கும் வீட்டுக்கான உச்சவரம்பு 2 லட்சத்திலிருந்து 30,000 ஆகச் சுருங்கிவிடும். தாமதம் செய்தது கட்டுமான நிறுவனம், தண்டனை உங்களுக்கு. இந்த விதியை மாற்ற வேண்டும் என்று நான் பல முறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்.

வரியில் போனதை வேறு வழியில் பெறப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் வீடு தராவிட்டால், பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம், அல்லது வீடும் வேண்டும் என்றால் தாமதத்துக்கு மாதாமாதம் வட்டி கேட்கலாம். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகாமல், அதே அடுக்ககத்தில் வாங்கிய மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

*

கேள்வி: கோவையில் நானும் மனைவியும் 52 லட்சத்துக்கு வீடு வாங்குகிறோம். ஆளுக்குப் பாதி. 50 லட்சத்துக்கு மேல் என்றால்தான் ஒரு சதவீதம் வரி பிடிக்க வேண்டும், எங்கள் பங்கு 26 லட்சம்தானே?

பதில்: 2024 அக்டோபர் 1 முதல் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும். விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 52,000 ரூபாய் பிடித்து, 26கியூபி படிவத்தில் ஆளுக்கு ஒன்றாக, பணம் கொடுத்த மாதம் முடிந்த 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விதியே வேறு, பிடிக்க வேண்டிய தொகையும் மிக அதிகம். முன்பணம் கொடுக்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

*

கேள்வி: புதுக்கோட்டையில் 9 லட்சத்துக்கு மனை வாங்குகிறேன். மனைவி வேலைக்குப் போகவில்லை. அவள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணம் குறைவு என்கிறார்கள். பிறகு வரித் துறையில் சிக்கல் வருமா?

பதில்: தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு. உங்களுக்கு 9,000 ரூபாய் மிச்சம். டெல்லியில் பெண்களுக்கு முத்திரைத் தீர்வை ஆண்களைவிட 2 சதவீதம் குறைவு. அங்கே எந்த மதிப்புக்கும் அது உண்டு. நம் மாநிலத்திலும் 10 லட்சம் என்ற வரம்பை உயர்த்தினால் எத்தனை வீடுகளில் பெண்கள் பெயர் ஏறும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சிக்கல் ஒன்றும் இல்லை. உங்கள் பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய சொத்திலிருந்து பின்னாளில் வாடகை வந்தாலோ, விற்று லாபம் வந்தாலோ, அதை உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். அவ்வளவுதான். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கி வழியாகவே கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காரியம் செய்கிறீர்கள். தயங்காமல் செய்யுங்கள்.

*

கேள்வி: அம்மா, நான் நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனையில் செவிலியர். சம்பளம் ஆண்டுக்கு 7 லட்சம். வெளிநாட்டில் சில ஆண்டு வேலை செய்து சேர்த்த பணத்தோடு, கடனும் வாங்கிச் சென்ற ஆண்டு ஒரு வீடு வாங்கினேன். என் பெயரில் மட்டும். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில், "அவன் பெயரையும் பத்திரத்தில் சேர்த்தால் இருவருக்கும் வரிச் சலுகை கிடைக்குமே" என்கிறார்கள். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 11 லட்சம். சேர்க்க வேண்டுமா?

பதில்: மகளே, வரிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கூட்டு உரிமையாளர்களாகவும் இணைக் கடனாளிகளாகவும் இருக்கும் கணவன் மனைவிக்குப் பழைய முறையில் ஆளுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு என்பது உண்மை. ஆனால் புதிய முறையில் உன் 7 லட்சத்துக்கு வரி பூஜ்யம். அவருடைய 11 லட்சத்துக்கும் பூஜ்யம். பெயரைச் சேர்ப்பதால் இரண்டு வீட்டிலும் ஒரு ரூபாய் வரி குறையாது, ஏனென்றால் இரண்டு வீட்டிலும் வரியே இல்லை. இந்தப் பத்தியை வெட்டி அவர்களிடம் காட்டு.

செலவு மட்டும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் அவர் சட்டப்படி உன் குடும்பத்தினர் அல்லர், குடும்ப செட்டில்மென்ட்டுக்கான குறைந்த கட்டணம் கிடைக்காது. கடன் தந்த வங்கியும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு, இருவரும் சேர்ந்து தவணை கட்டி, உனக்கே சேர்க்கத் தோன்றினால் அன்றைக்குச் சேர்த்துக்கொள். அப்போது கட்டணமும் குறையும். நான் கணவன்மாருக்கு எதிரானவள் அல்ல. கட்டுபவர் பெயர் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், அவரும் கட்டினால் அவர் பெயரும் இருக்கட்டும். இன்றைக்குக் கட்டுவது நீ மட்டும். அதுவரை தவணை உன் சம்பளக் கணக்கிலிருந்தே போகட்டும். உன் அப்பாவோ அண்ணனோ ஒரு மாதம் உதவினால், அது உன் கணக்குக்கு வந்து, அங்கிருந்து கடனுக்குப் போகட்டும். கடனுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறாயா என்று பார். உன் ஊதியத்தில் ஓடும் கடன் அது.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்வதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, உன் பெயர், தந்தை பெயர், கதவு எண், பிரிக்கப்படாத மனைப் பங்கின் அளவு என்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பார். ஓர் எழுத்துப் பிசகியிருந்தாலும், வீட்டை விற்றவர் ஊரில் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடு.